அட்டிக்கை அறையாக்கப் போகிறீர்களா? செலவும் காகிதமும் இப்படித்தான் வரும்

கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவே சும்மா கிடக்கும் அட்டிக்கைப் படுக்கையறையாகவோ வேலை அறையாகவோ மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வேலை முடிந்து நிறைவுச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. நடுவில் பட்ட பாட்டில் பாதி, எதை முதலில் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வந்தது.

கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, பலகை அடித்துப் பெயின்ட் பூசினால் அறை தயார் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். பலகையும் பெயின்ட்டும் செலவில் சின்னப் பங்கு. பெரிய பணம் தரையின் பலத்துக்கும், படிக்கட்டுக்கும், தீப்பிடித்தால் தப்பும் வழிக்கும், கூரைச் சூட்டைத் தடுப்பதற்கும் போகிறது. படிக்கட்டைத் தவிர இவற்றில் பெரும்பாலானவை அறை முடிந்தபிறகு கண்ணுக்கே தெரியாது.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். கீழே வரும் அளவுகளை அமெரிக்க மாநிலங்கள் பலவும் அடிப்படையாகக் கொள்ளும் ஐஆர்சி என்ற குடியிருப்பு விதித்தொகுப்பிலிருந்தும் இங்கிலாந்தின் கட்டட விதிகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். உங்கள் ஊரில் எண் வேறாக இருக்கலாம். கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான்.

1. டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் இதை நீங்களே செய்துவிடலாம். முகட்டுக்கு நேர் கீழே நின்று, தரைச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து முகட்டின் அடிப்பக்கம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த உயரம் அப்படியே உங்களுக்குக் கிடைக்காது. தரைச் சட்டங்களைக் கனமாக்க வேண்டியிருக்கும், கூரைக்கு அடியில் சூட்டையும் குளிரையும் தடுக்கும் இன்சுலேஷனும் பலகையும் வரும். இரண்டும் சேர்ந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் சாப்பிட்டுவிடும்.

ஐஆர்சி கேட்பது இது: வாழும் அறைக்குக் குறைந்தது 70 சதுர அடி வேண்டும். அதில் பாதிக்காவது 7 அடி உயரம் இருக்க வேண்டும். 5 அடிக்குக் கீழே சரிந்து போகும் பகுதி அந்தக் கணக்கில் சேராது. இங்கிலாந்தில் அறைக்கென்று கட்டாய உயரம் கிடையாது. ஆனால் படிக்கட்டுக்கு மேல் தலை இடிக்காத உயரம் கேட்கிறார்கள், அதுவே அறையின் உயரத்தையும் முடிவு செய்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டிக்கின் அகலம் 8 மீட்டர், முகடு 2.8 மீட்டர், இரண்டு பக்கமும் கூரை தரைவரை சரிந்து வருகிறது. ஏறிப் பார்த்தால் மைதானம் மாதிரி தெரியும். தரைக்கும் இன்சுலேஷனுக்கும் 25 சென்டிமீட்டர் போனால் முகடு 2.55 மீட்டர். இப்போது 1.5 மீட்டர் உயரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால், நடுவில் 3 மீட்டர் அகலப் பட்டை மட்டும்தான். 7 அடி உயரம் வேண்டுமென்றால் அந்தப் பட்டை 1.2 மீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே சதுர அடிக்கு இவ்வளவு என்று யார் விலை சொன்னாலும், மொத்தத் தொகையை முழுத் தரைப்பரப்பால் வகுக்காதீர்கள். நிமிர்ந்து நடமாடக்கூடிய பரப்பால் வகுத்துப் பாருங்கள். பல திட்டங்கள் இந்த ஒரு வகுத்தலிலேயே முடிந்துவிடும். அப்படி முடிந்தாலும் லாபம்தான், இதுவரை ஒரு காசும் செலவாகவில்லையே.

அளக்கும்போதே கூரை எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கைமரங்கள் மட்டும் சாய்ந்திருந்து நடுவில் இடம் திறந்து கிடந்தால் வேலை சுலபம். நடுவில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய சட்டங்கள் போய், மூலைகளில் உலோகத் தகடு அடித்திருந்தால் அது தொழிற்சாலையில் செய்த டிரஸ் கூரை. அதன் ஒவ்வொரு சட்டமும் பாரம் தாங்குகிறது. ஒன்றை அறுத்தாலும் கூரை தொங்கத் தொடங்கலாம். டிரஸ் கூரையையும் மாற்ற முடியும், ஆனால் புது உத்தரங்கள் போட்டுப் பாரத்தை மாற்றிய பிறகுதான் பழைய சட்டங்களில் கை வைக்க வேண்டும். செலவு சட்டென்று ஏறும் இடம் இது.

2. அடுத்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கான்ட்ராக்டர் அல்ல

கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிடுபவர்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கான்ட்ராக்டரை முதலில் கூப்பிட்டால் எல்லாமே முடியும் என்பார். இன்ஜினியருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதி. ஆனால் அவர் தரும் கணக்கு இல்லாமல் வரும் எந்த கொட்டேஷனும் ஊகம்தான்.

அவர் பார்க்கப்போவது முதலில் தரையை. உங்கள் அட்டிக்கின் 'தரை' என்பது உண்மையில் கீழறையின் சீலிங். சீலிங் பலகையைத் தாங்கத்தான் அந்தச் சட்டங்கள் போடப்பட்டன. ஐஆர்சி கணக்கில், பொருள் வைக்காத அட்டிக்குக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு பாரம் போதும். ஆள் புழங்கும் அட்டிக்குக்கு 30 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 146 கிலோ. மும்மடங்கு வித்தியாசம். பழைய சட்டங்களுக்குப் பக்கத்தில் ஆழமான புதுச் சட்டங்களைச் சேர்த்தோ, எஃகு உத்தரங்களைச் சுவருக்குச் சுவர் போட்டோ இதைச் சமாளிப்பார்கள். சுவரில் ஏறும் பாரம் அடித்தளம்வரை போகிறது என்பதால் சில வீடுகளில் அஸ்திவாரத்தையும் ஒரு மூலையில் தோண்டிப் பார்க்கச் சொல்வார்கள். சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

அவரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை: பாரக் கணக்கு, உத்தரங்களின் அளவும் இடமும் காட்டும் வரைபடம், எந்த வரிசையில் பழைய மரத்தை எடுக்கலாம் என்ற குறிப்பு. மூன்றாவதைப் பலர் தரமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். எஃகு உத்தரத்தை மேலே எப்படிக் கொண்டுபோவது என்பதையும் அப்போதே கேளுங்கள். கிரேன் வாடகையும் தெருவை அடைப்பதற்கான அனுமதியும் கொட்டேஷனில் வராத செலவுகள்.

3. படிக்கட்டு எங்கே வரும்?

அறை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்வது படிக்கட்டுதான். இழுத்து இறக்கும் ஏணியை வைத்துக்கொண்டு அறை என்று எந்த அலுவலகத்திலும் ஒப்புதல் வாங்குவது கடினம்.

கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 2.8 மீட்டர் என்றால், ஒரு படி ஏறக்குறைய 18.7 சென்டிமீட்டர் உயரமாக 15 ஏற்றம். கால் வைக்கும் மிதி 14, ஒவ்வொன்றும் 26 சென்டிமீட்டர், ஆக 3.64 மீட்டர் நீளம். அகலம் ஐஆர்சிப்படி 36 அங்குலம். இவ்வளவு இடம் கீழ்மாடியில் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு படுக்கையறையின் மூலையிலிருந்து. ஓர் அறையைப் பெற அரை அறையை இழக்கிறோமா என்று இந்தக் கட்டத்தில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இருக்கும் படிக்கட்டுக்கு நேர் மேலே புதியதை அடுக்க முடிந்தால் இழப்பு குறையும்.

அடுத்த சிக்கல் மேல்முனையில். படி முடியும் இடத்தில் தலைக்கு மேல் ஐஆர்சி 6 அடி 8 அங்குலம் கேட்கிறது. இங்கிலாந்தில் 2 மீட்டர், அட்டிக்குக்கு மட்டும் சலுகையாக நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 மீட்டர்வரை விடுகிறார்கள். ஆக, படி முகட்டை ஒட்டியே மேலே வந்து சேர வேண்டும், அதாவது அறையின் மிக நல்ல இடத்தில். இது பிடிக்கவில்லை என்றால் படி வரும் இடத்தில் கூரையை உடைத்து டார்மர், அதாவது சரிந்த கூரையிலிருந்து ஜன்னலோடு நிமிர்ந்து வெளியே நீளும் பகுதி, கட்ட வேண்டும், செலவு அடுத்த படிக்குப் போய்விடும். சுழல்படி இடத்தை மிச்சம் பிடிக்கும், உண்மைதான். கட்டிலையும் அலமாரியையும் மேலே கொண்டுபோகும் நாளில் அந்த மிச்சத்தின் விலை தெரியும்.

4. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது

அனுமதி அலுவலகத்தில் அதிகம் திருப்பி அனுப்பப்படும் பகுதி இது.

ஐஆர்சிப்படி படுக்கையறையில் ஆள் வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னல் வேண்டும். திறப்பு குறைந்தது 24 அங்குல உயரம், 20 அங்குல அகலம், மொத்தம் 5.7 சதுர அடி. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 24க்கு 20 ஜன்னல் வாங்கினால் பரப்பு 3.3 சதுர அடிதான் வரும். இரண்டு குறைந்தபட்ச அளவையும் தொட்டால் போதாது, மூன்றாவது எண்ணும் நிறைவேற வேண்டும். அதுவும் சட்டத்தின் அளவு அல்ல, முழுதாகத் திறந்தபின் கிடைக்கும் வெற்றிடத்தின் அளவு. ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சரிந்த கூரையில் ஸ்கைலைட் என்ற கூரை ஜன்னல் வைப்பவர்கள் வானம் தெரிய வேண்டும் என்று உயரத்தில் வைத்துவிடுவார்கள், அப்புறம் அது தப்பும் ஜன்னலாகக் கணக்கில் வராது.

இங்கிலாந்தில் அணுகுமுறை வேறு. இரண்டு தள வீட்டின் மேல் மூன்றாவது தளம் வந்தால், மேலிருந்து வாசல்வரை படிக்கட்டுப் பாதை முழுவதும் 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். அந்தப் பாதையில் திறக்கும் கீழ்த்தள அறைக் கதவுகளையும் தீத்தடுப்புக் கதவுகளாக மாற்றச் சொல்வார்கள். உங்கள் படிக்கட்டு நேராக ஹாலில் இறங்குகிறது என்றால் அங்கே சுவர் எழுப்பவோ, தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் மாதிரி வேறு வழி பார்க்கவோ வேண்டிவரும். அட்டிக் வேலை என்று ஆரம்பித்து ஹாலை இடிப்பதில் போய் நிற்பது இப்படித்தான். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்த புகை அலாரங்களை எல்லாத் தளங்களிலும் பொருத்த வேண்டியிருக்கும். செலவு அதிகமில்லை, ஆனால் பூசி முடித்த சுவருக்குள் வயர் இழுக்க வைக்காதீர்கள்.

5. காகிதங்கள்

வீட்டுப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். அடுக்குமாடியில் மேல்தள வீடு உங்களுடையது என்பதால் அதற்கு மேலிருக்கும் அட்டிக்கும் உங்களுடையது ஆகிவிடாது. பல இடங்களில் கூரையும் அதன் கீழ் இடமும் பொதுச் சொத்து. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம், சில சமயம் அந்த இடத்தையே விலைக்கு வாங்கும் ஒப்பந்தம் தேவைப்படும். தனி வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருந்தால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பொதுச்சுவரில் உத்தரம் செருகுவதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ். அண்டை வீட்டார் மறுத்தால் சர்வேயர் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அனுமதிக்குப் பொதுவாகக் கேட்பவை: இப்போதிருக்கும் நிலையைக் காட்டும் தளப்படமும், வீட்டை நெட்டாக வெட்டிப் பார்த்தது போன்ற வெட்டுப்படமும், வரப்போகும் நிலைக்கு அதே இரண்டும், இன்ஜினியர் கணக்கு, படிக்கட்டு விவரம், தீ ஏற்பாடுகள், இன்சுலேஷன் விவரம். வெட்டுப்படத்தை முகட்டின் குறுக்காக ஒன்றும் படிக்கட்டின் குறுக்காக ஒன்றுமாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றே ஒன்று கொடுத்தால் கேள்வி போட்டுத் திருப்புவார்கள், வாரங்கள் போகும்.

திட்ட அனுமதியும் கட்டட விதி அனுமதியும் பல நாடுகளில் இரண்டு தனி விஷயங்கள். வெளித்தோற்றமும் உயரமும் முதலாவது. பத்திரமாக நிற்குமா, தப்ப முடியுமா என்பது இரண்டாவது. முதலாவது தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் இரண்டாவதும் தேவையில்லை என்று அர்த்தமில்லை.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும், காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் வேலை தொடங்கும் முன்பே கடிதம் போடுங்கள். கூரை திறந்திருக்கும் நாட்களில் மழை புகுந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு கைவிரிக்கக்கூடும். பழைய வீடாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சோதனையும் செய்துவிடுங்கள். பழைய இன்சுலேஷனாகக் கொட்டியிருக்கும் வெர்மிகுலைட் துகள்களிலும் அது கலந்திருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை கிளறவோ பெருக்கவோ வேண்டாம்.

அப்புறம் ஒரு குறுக்குவழியை நிச்சயம் யாராவது சொல்வார்கள்: ஸ்டோர் ரூம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு படுக்கையறையாக வைத்துக்கொள்ளலாம் என்று. விற்கும் நாளில் அதைப் படுக்கையறை என்று எழுத முடியாது. தீ விபத்துக்கு இழப்பீடு கேட்கும் நாளில் அதைவிடப் பெரிய சிக்கல். எனக்கு அந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. குழந்தையை அங்கே படுக்க வைக்கப் போகிறோம் என்றால் பிடிக்கவே கூடாது.

6. சூடும் ஈரமும்

வெயிலில் கூரை ஓடு 60 டிகிரியைத் தாண்டும். இன்சுலேஷனில் மிச்சம் பிடித்தால் ஏசிக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் வருஷா வருஷம் கட்டுவீர்கள். குளிர் நாட்டில் இதே கதை ஹீட்டர் வடிவில்.

கைமரம் 10 சென்டிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். மரம் மூச்சுவிடக் கூரைக்கு அடியில் 5 சென்டிமீட்டர் காற்றிடைவெளி விட்டால் மிச்சம் 5 சென்டிமீட்டர். அதில் அடைக்கும் இன்சுலேஷன் எந்த விதிக்கும் போதாது. ஆகவே கைமரத்துக்கு அடியிலும் கெட்டியான பலகை இன்சுலேஷன் வரும், முதல் பகுதியில் சொன்ன உயர இழப்பு இதிலிருந்துதான். காற்றிடைவெளியையும் சேர்த்து அடைத்தால் இன்னும் குளிர்ச்சி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகி, சில வருடங்களில் மரம் உளுத்துவிடும். ஈரத்தடுப்புத் தாள் குளிர்ப் பகுதிகளில் அறைப்பக்கம் வரும். சூடும் புழுக்கமுமான இடத்தில் ஏசி போட்டால் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருவதால் கணக்கே மாறிவிடும். அந்த ஊர் கட்டடங்களைத் தெரிந்தவரிடம்தான் இதைக் கேட்க வேண்டும்.

நுரையாக வந்து இறுகும் இன்சுலேஷன் ஃபோம் தெளித்து ஒரே நாளில் முடிக்கிறோம் என்பார்கள். முடியும். ஆனால் இங்கிலாந்தில் சில கடன் நிறுவனங்கள் ஃபோம் தெளித்த கூரை உள்ள வீட்டுக்குக் கடன் தரத் தயங்குகின்றன, உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாததால்.

7. மேலே பாத்ரூம் வேண்டுமா

வேண்டும் என்றால், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே. கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு என்று வைத்தால் 5 மீட்டர் தள்ளிப்போகும் குழாய்க்கு 10 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், அது தரைச் சட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகும். வெட்டக் கூடாது என்று இன்ஜினியர் சொல்வார். பிளம்பர் வெட்டிவிட்டுச் சொல்வார்.

தண்ணீர் அழுத்தத்தையும் பாருங்கள். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார்தான் அழுத்தம். ஷவருக்கு மேலே ஒரே மீட்டரில் தொட்டி இருந்தால் நூல்போல ஒழுகும். தொட்டி அட்டிக்கிலேயே இருக்கும் வீடுகளில் அதை எங்கே மாற்றுவது என்பதே தனிச் செலவு. பிரஷர் பம்ப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. கொட்டேஷனைப் படிக்கும் விதம்

அனுமதி பெற்ற வரைபடங்களைக் கொடுத்து மூன்று பேரிடமாவது வாங்குங்கள். எங்களுக்கு வந்ததில் மிக மலிவானது பார்க்க அழகாக இருந்தது. படிக்கட்டும் தீக்கதவுகளும் குப்பை அகற்றலும் அதில் இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் தனி சார், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்று பதில் வந்தது. ஆகவே ஒரே மொத்தத் தொகை வேண்டாம். தரை, உத்தரம், படிக்கட்டு, கூரைத் திறப்பு, இன்சுலேஷன், மின்சாரம், குழாய், பலகையும் பூச்சும், சாரம், குப்பை, கட்டணங்கள் என்று வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவரை விட்டுவிடலாம்.

செலவைக் குறைக்க நிஜமான வழி கூரையின் உருவத்தைத் தொடாமல் இருப்பது. ஸ்கைலைட்டோடு நிறுத்திக்கொள்வது மலிவு, டார்மர் அதைவிட அதிகம், முகட்டையே உயர்த்துவது எல்லாவற்றையும்விட அதிகம். இன்சுலேஷனையும் தரையையும் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். டைல்ஸையும் அலமாரியையும் பிறகு செய்துகொள்ளலாம். மொத்தத்தில் 15 சதவீதமாவது தனியே ஒதுக்குங்கள். பழைய கூரையைத் திறந்தால் கரையான் அரித்த சட்டமோ ஒழுகலோ ஒன்று இருக்கும்.

முன்பணம் குறைவாக, தவணைகள் வேலை நிலைகளோடு இணைத்து: உத்தரம் ஏறியதும், கூரை மழைக்கு மூடியதும், வயரிங் சோதனை முடிந்ததும், இப்படி. தேதிப்படி தவணை கொடுப்பதாக ஒத்துக்கொண்டால் வேலை நின்றாலும் பணம் போகும்.

9. எப்போது தொடங்குவது

கட்டும் வேலையைவிடக் காகித வேலை நீளமானது. வரைபடம், கணக்கு, அனுமதி, அண்டை வீட்டு நோட்டீஸ் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் போகும். கூரை திறக்கும் வாரத்தை மழையில்லாப் பருவத்தில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விண்ணப்பத் தேதியை முடிவு செய்யுங்கள். வெளவால் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டனில் அவை பாதுகாக்கப்பட்ட உயிரினம், கணக்கெடுப்பு பெரும்பாலும் வெயில் மாதங்களில்தான் நடக்கும். இலையுதிர் காலத்தில் எச்சத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த கோடைவரை காத்திருக்க நேரலாம்.

படிக்கட்டைக் கடைசியில் திறக்கச் சொல்லுங்கள். ஆட்களும் பொருளும் வெளிச் சாரம் வழியாகக் கூரைக்குப் போனால், கீழே நீங்கள் பெரும்பாலான நாட்கள் நிம்மதியாக இருக்கலாம். சீலிங்கை உடைக்கும் நாளிலிருந்து வீடெல்லாம் தூசிதான்.

10. மூடுவதற்கு முன் படம், கடைசித் தவணைக்கு முன் சான்றிதழ்

அனுமதி அலுவலக அதிகாரி வந்து பார்க்க வேண்டிய கட்டங்கள் அனுமதித் தாளிலேயே இருக்கும்: பொதுவாக உத்தரங்கள், இன்சுலேஷன், வயரிங், கடைசியில் முழு அறை. பார்க்காமல் பலகை அடித்து மூடினால் பிரித்துக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, திரும்ப அடிக்கும் செலவு உங்களுடையது. எப்படியானாலும் மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆணி அடிக்கும்போது வயர் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

கடைசித் தவணையை, 5 சதவீதமாவது, நிறைவுச் சான்றிதழ் கையில் வரும்வரை கொடுக்காதீர்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், பிறகு பேச முடியாது. சான்றிதழோடு மின்சாரச் சோதனைத் தாள், ஜன்னல் உத்தரவாதம், இன்ஜினியர் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு நகல் அனுப்பி, வீட்டின் மதிப்பைப் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். சொத்து வரி ஏறுமா என்று வரி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். பரப்பை வைத்து வரி போடும் இடங்களில் பெரும்பாலும் ஏறும்.